தெற்குப் பக்கத்து வெள்வேல மரங்கள்

எங்கள் அக்கா மறைந்து இந்தத் தை மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவரை வழியனுப்ப வந்த உங்களில் பலர் அன்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே இருக்கும் அக்காவின் கொறங்காட்டில் வெள்வேல மரங்கள் சாய்க்கப்பட்டது எப்படி என்பது அந்தக் கேள்வி. பொக்லைன் ஓட்டியவர் தெரியாமல் செய்துவிட்டார் என்று பதில் சொன்னேன். அது உண்மையல்ல. தவறு என்னுடையது.

நாளிதழ் ஒன்றில் முப்பது ஆண்டுகள் செய்தி திருத்தும் வேலை பார்த்தவன் நான். பிழை வந்தால் மறுநாளே திருத்தம் போட வேண்டும் என்று இளையவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன். என்னுடைய இந்தத் திருத்தம் ஓராண்டு தாமதமாக வருகிறது. அக்காவின் வாழ்க்கையையும் சேர்த்துச் சொன்னால்தான் இது விளங்கும்.

அக்கா பிறந்தது கொமரலிங்கத்தில். அமராவதித் தண்ணீர் பாயும் ஊர். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதைத் தாண்டினால் நெல் வயல், வரப்பெல்லாம் தென்னை. எனக்கும் அவருக்கும் எட்டு வயது இடைவெளி. எங்கள் தாயார் நெடுநாள் படுக்கையில் இருந்ததால் என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். பத்தாம் வகுப்பு முடித்ததும் அவர் வீட்டோடு நின்றுவிட்டார். படிக்க விருப்பம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

பத்தொன்பது வயதில் திருமணம். மாமாவின் ஊர் முழுக்க மானாவாரி. கிணற்றில் குடிக்கத் தண்ணீர் இருந்தாலே நல்ல வருடம். அவர்களுக்கு இருந்தது எட்டு ஏக்கர் கொறங்காடு. ஆடுமாடு மேய்வதற்கென்றே விட்ட நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். அங்கங்கே வெள்வேல மரம். முதல் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த அக்கா, எங்கே திரும்பினாலும் முள்தான் என்று தாயாரிடம் அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த முள் மரத்தின் அருமையைப் பிறகு நான் அவரிடமிருந்தே கேட்டேன். வெள்வேலத்தின் இலை சிறியது. அதன் நிழல் சல்லடை போல இருப்பதால் அடியிலும் புல் வளரும். புளிய மரத்தடியில் அது நடக்காது. சித்திரை வெயிலில் புல் கருகி, மாட்டுக்கு வைக்க எதுவுமே இல்லாத நேரத்தில் அதன் காய் உதிரும். வேலங்காய் இருந்ததால்தான் காங்கயம் மாடு கோடையைத் தாண்டியது என்பார் அக்கா. முள்ளுக்குப் பயந்து பாம்பும் காக்கையும் அண்டாததால் தூக்கணாங்குருவிகள் அதில் கூடு கட்டும். ஏருக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் அதன் கட்டைதான். பட்டை எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால் மாமா சிரிப்பார். அந்தக் காலத்தில் சாராய ஊறலுக்கு அந்தப் பட்டையைத்தான் தேடினார்கள். வடக்கு மூலையில் இருக்கும் பெரிய மரத்தடியில் கன்னிமார் கற்கள் ஏழு உண்டு. குட்டி போட்ட ஆட்டின் முதல் பாலை அங்கே ஊற்றிவிட்டுத்தான் கறவை.

மழை அடுத்தடுத்துப் பொய்த்தபோது மாடுகளை விற்றுவிட்டு அவர்கள் திருப்பூருக்கு வந்தார்கள். வீரபாண்டியில் ஒற்றை அறை. மாமா பவர் டேபிள் என்கிற மோட்டார் மெஷினில் தைத்தார். அக்கா ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனார். தைத்த பனியனை விளக்குக்கு நேரே விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பது அந்த வேலை. அக்கா கையில் போன துணி மறுமுறை திரும்பி வந்ததில்லை என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். சில ஆண்டுகளில் ஆறு மெஷினோடு சொந்த யூனிட் போட்டார்கள். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது மாமா மாரடைப்பில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை அக்கா யூனிட்டைத் திறந்தார். சாயப்பட்டறைகள் மூடிக்கிடந்த மாதங்களில் துணி வராமல் மெஷின்கள் நின்றன. அப்போதும் யாரையும் அனுப்பவில்லை. மதியச் சோறு யூனிட்டிலேயே ஆக்கினார்.

வெளிநாட்டு ஆர்டருக்காக யூனிட்டைப் பார்வையிடும் ஆடிட்டில் பசுமை வேண்டும் என்றார்கள். சீக்கிரம் வளரும் வெளிநாட்டு அலங்கார மரத்தைச் சுவர் நெடுக நட்டால் ஆறு மாதத்தில் போட்டோவுக்குத் தயார் என்று ஆலோசனை சொல்ல வந்தவர் சொன்னார். அக்கா அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு, அயர்னிங் பகுதிக்கு வெளியே மேற்குச் சுவரோரம் நான்கு புங்கனும் இரண்டு வேம்பும் நட்டார். ஆடிட்டுக்கு அவை முழங்கால் உயரம்கூட வரவில்லை. இன்று அந்தச் சுவர் மத்தியான வெயிலில் சுடுவதில்லை. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் முதல் நாள் புங்கன் இலையைக் கிள்ளி முகர்ந்து, "கரஞ்ச்" என்றாள். அவர்கள் ஊரில் அந்த மரத்துக்கு அதுதான் பெயராம். அன்றிலிருந்து அவள் சாப்பிடுவது அந்த மரத்தடியில்தான்.

நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டில் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது தெரிந்தது. கோவையிலிருந்து வந்து அவர் வீட்டிலேயே தங்கினேன். வாரம் இருமுறை டயாலிசிஸ். மற்ற நாட்களில் அவர் நினைப்பு காட்டின் மேல் இருந்தது. கொறங்காட்டின் கீழ்க்கோடியில், பள்ளத்தை ஒட்டிச் சீமைக்கருவேலம் புகுந்திருந்தது. அதன் அடியில் புல் முளைக்காது. விட்டால் மேலே ஏறிவிடும், தான் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னார். சீமைக்கருவேலம் அகற்றும் செய்தி எத்தனை எத்தனையோ என் கையால் பக்கத்துக்குப் போயிருக்கிறது. இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று நினைத்தேன்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை பொக்லைன் போனது. ஓட்டியவர் முனியசாமி, ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அன்று அக்காவை ஸ்கேனுக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததால் நான் காட்டுக்குப் போகவில்லை. இடத்தைக் காட்ட வேறு ஆளும் ஏற்பாடு செய்யவில்லை. பதினோரு மணிக்குப் பள்ளம் முடிந்துவிட்டது என்று போன் செய்தார். மேலே தெற்குப் பக்கமும் முள் மரம் நிற்கிறது, அதையும் எடுப்பதா என்று கேட்டார். உள்ளே அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். முள் இருப்பது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

நேரில் போகாமல் செய்தி எழுதாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அந்த ஒரு வாக்கியத்தில் பதினோரு வெள்வேல மரங்கள் போயின.

பன்னிரண்டாவது மரத்தைக் காப்பாற்றியவர் ராமாத்தாள். அந்தக் காட்டில் இருபது வருடங்களாக ஆடு மேய்ப்பவர். வடக்கு மூலையில் இருந்தவர் சத்தம் கேட்டு வந்து பார்த்திருக்கிறார். வந்ததும் அந்த மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஓனர் சொல்லித்தான் எடுக்கிறேன் என்று முனியசாமி சொல்லியிருக்கிறார்.

"எந்த ஓனருங்க? இந்தக் காட்டு ஓனரம்மா ஆசுபத்திரியில கெடக்குது. அதுகிட்டக் கேட்டுட்டு வாங்க. அப்பறம் வேணும்னா என்ற மேலயே ஏத்துங்க."

முனியசாமி இயந்திரத்தை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். மாலையில் போய்ப் பார்த்தேன். பதினோரு குழிகள். வேர்கள் உள்ளே செம்பழுப்பாக இருந்தன, ஈரம் இன்னும் காயவில்லை. பூவெடுத்திருந்த கிளைகளில் தேனீக்கள் அப்போதும் மொய்த்துக்கொண்டிருந்தன. புதிதாகப் பின்னிய தூக்கணாங்குருவிக் கூடுகள் நான்கு, பச்சை நிறம் மாறாமல் தரையில் கிடந்தன.

முனியசாமி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊர்ல முள்ளுன்னா கருவ முள்ளு ஒண்ணுதான் சார். பட்ட வெள்ளையா இருக்கேன்னு ஒரு தடவ யோசிச்சேன். நீங்க எல்லாத்தையும்னு சொன்னீக."

ராமாத்தாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுஞ் சாமி, பேப்பர்ல இருந்தவருன்னு சொன்னாங்க. கண்ணாடி போடாமயா இருந்தீங்க?"

இதை அக்காவிடம் சொல்லக் கூடாது என்று நான் இருவரையும் கேட்டுக்கொண்டேன். முனியசாமி தலையாட்டினார். தானாகப் போய்ச் சொல்ல மாட்டேன், ஆனால் அம்மா கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன் என்றார் ராமாத்தாள். அவரே போகும்போது ஒன்று சொன்னார்: இந்த மரம் வேர் அறுபட்டால் சாகாது, மழை வந்தால் அறுந்த வேரிலிருந்து கிளம்பும். எனக்கு ஆறுதலாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மறுவாரமே அவர் தன் ஆட்டுப் பட்டியைத் தெற்குப் பக்கத்துக்கு மாற்றினார். கோடையில் சேர்த்து வைத்திருந்த வேலங்காயை ஆடுகளுக்குத் தின்னக் கொடுத்து, குழிகளைச் சுற்றி அடைத்தார். விதை ஆட்டின் வயிற்றில் ஊறிப் புழுக்கையோடு விழுந்தால்தான் நன்றாக முளைக்கும் என்றார். மழை தொடங்கியதும் பட்டியை எடுத்துவிட்டு, பள்ளத்தில் வெட்டிப் போட்டிருந்த சீமைக்கருவேல முள்ளை அவரும் முனியசாமியும் இழுத்து வந்து அந்த இடத்தைச் சுற்றிப் படல் கட்டினார்கள். அதன்பின் ஆடு உள்ளே போகவில்லை.

அக்கா தினமும் மாலையில் காடு எப்படி இருக்கிறது என்று கேட்பார். நானும் வாரத்துக்கு இரண்டு முறை போய் வந்து சொல்வேன். கன்னிமார் மரம் பூத்திருக்கிறது. பள்ளம் சுத்தமாகிவிட்டது. கிளுவை துளிர்த்திருக்கிறது. வடக்கே மயில் இரண்டு குஞ்சோடு திரிகிறது. ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. மொத்தமாகப் பார்த்தால் பொய். இந்த வித்தையை மற்றவர்கள் செய்திகளில் கண்டுபிடித்து அடிப்பதுதான் என் தொழிலாக இருந்தது.

ஐப்பசியில், ஒருமுறை காட்டைப் பார்க்க வேண்டும் என்று அக்கா சொன்னார். சேறு என்றேன். அடுத்த வாரம் சாலை வேலை நடக்கிறது என்றேன். அதற்கடுத்த வாரம் மருத்துவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றேன். அக்காவின் மகன், என் மருமகன், மருத்துவரிடமே கேட்டுவிட்டு வந்தான். தாராளமாகப் போகலாமாம். "என்னங் மாமா, நீங்கதான் ஒத்துக்க மாட்டீங்களாட்ட இருக்குது" என்றான். அவருக்கு இருக்கும் கொஞ்ச நாளில் இதைக் கண்டுவிட்டுப் போக வேண்டுமா என்பதே என் கவலை. என் பொய்யைக் கண்டுவிடுவார் என்பதும் அதில் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

கார்த்திகை முதல் வாரம் போனோம். காரை வேலிப்படல் வரை கொண்டுபோய் நிறுத்தினான் மருமகன். இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். வடக்கே கன்னிமார் மரத்தைப் பார்க்கும்படி நாற்காலியைப் போட்டேன். அக்கா அதைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"சேரைத் தெக்கால பாத்துத் திருப்பிப் போடு, தம்பி."

அந்தப் பக்கம் வெயில் கண்ணில் அடிக்கும் என்றேன்.

"நாலு மாசமா வடக்கயும் பள்ளத்தயுமே சொன்னே. தெக்கால பத்தி ஒரு வார்த்த வருல. துணிய மடிச்சு ஒரு பக்கத்தயே காட்டுனா மறு பக்கம் ஓட்டைன்னு அர்த்தம். நான் செக்கிங்ல இருந்தவ கண்ணு."

தெரிந்துகொண்டுமா ராமாத்தாளைக் கேட்காமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். அவளைக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள், அப்புறம் நீ எனக்குக் காட்டைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிடுவாய், அதனால்தான் கேட்கவில்லை என்றார்.

நாற்காலியைத் திருப்பினேன். முள் படலுக்கு உள்ளே குழிகள் தெரிந்தன. நான் குழிகளை மட்டுமே பார்த்தேன். அக்கா குனிந்து, கையை நெற்றிக்கு மேலே வைத்து, விளக்குக்கு நேரே துணியைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். பிறகு எண்ணத் தொடங்கினார். குழியின் விளிம்பில், குழிக்கு ஐந்தடி தள்ளி, பத்தடி தள்ளி, அறுந்த வேர் ஓடிய தடமெல்லாம் சாண் உயரத் துளிர்கள். ஊசி முள்ளோடு, சீப்புப் பல் போன்ற இலையோடு. நான் வாரம் இருமுறை அந்தப் பக்கம் முகம் கொடுக்காமல் போய் வந்ததால் கண்ணில் படாதவை. முப்பத்தாறு வரை எண்ணிவிட்டு அக்கா மூச்சு வாங்கினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு முதலில் அது நம்ப முடியாததாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதே எடத்துல முந்தி நாலு வேலாமரம் நின்னுது. நான் கல்யாணமாயி வந்த மறு வருசம். கொமரலிங்கத்துக்காரிக்கு முள்ளு ஒரு மரம்னு தெரியுமா? வெட்டிப்போட்டுத் தென்னை வெக்கலாம்னு உங்க மாமாவ ஒரே புடியாப் புடிச்சு வெட்ட வெச்சேன். எட்டுத் தென்னம்புள்ள. கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துனேன். ஒரு கோடைக்குத் தாங்குல. அடுத்த மழைக்கு வேலாமரம் நாலா பக்கமும் கெளம்பிருச்சு. நீ புடுங்குன பதினொண்ணும் அதுதான்."

இத்தனை வருடம் இதைச் சொல்லவே இல்லையே என்றேன்.

"உங்க மாமாவே ஊருக்குச் சொல்லுல. கூலிக்கு வந்தவன் தெரியாம வெட்டிப்போட்டான்னு சொல்லீட்டாரு, எனக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு. அந்த ஆளு அதுக்கப்பறம் நம்ம காட்டுப்பக்கமே வருல. மரம் திரும்பி வந்துருச்சு. அந்த ஆளு வருல. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுல, தம்பி."

நாலு மாதங்களாக என் நெஞ்சில் இருந்த பாரம் அந்த இடத்தில் இறங்கியது. திரும்பி வரும் வழியில் காரிலேயே தூங்கிவிட்டேன். காங்கயம் தாண்டும்போது அக்கா தட்டி எழுப்பி, நோயாளி யார் என்று கேட்டார்.

அதன்பின் இரண்டு மாதங்கள் இருந்தார். மாலையில் காட்டைப் பற்றிச் சொல்லும்போது தெற்கிலிருந்து தொடங்கச் சொல்வார். தொடங்குவேன். தை மாதம் ஒரு காலை, காப்பி கொண்டுபோன மருமகன் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டான். அக்காவின் கை தலைக்கு அடியில் இருந்தது. முகம் அமைதியாக இருந்தது. வலியில்லாமல் போனார் என்று மருத்துவர் சொன்னார்.

இவ்வளவையும் அக்கா வாயால் கேட்டிருந்தும், அன்று கூட்டத்தில் நீங்கள் மரங்களைப் பற்றிக் கேட்டபோது பொக்லைன்காரர் என்று என் வாயில் வந்தது. மாமா சொன்ன அதே பொய். முனியசாமி அப்போது வாசலில், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. அடுத்த நாற்காலியை எடுத்தார். அக்காவை எடுத்துப் போன பிறகுதான் சாப்பிட்டார். இந்த நினைவு மலருக்கு எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன் அவர் கையில் கொடுத்தேன். முழுவதையும் நின்றபடி படித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு சார்" என்றார். இப்போதும் அவர்தான் எங்கள் பள்ளத்தில் சீமைக்கருவேலம் தலைகாட்டினால் வந்து எடுக்கிறார். நன்றி என்ற சொல் முதலில் அவருக்கு.

மரத்தில் முதுகை வைத்து நின்ற ராமாத்தாளுக்கும், டயாலிசிஸ் நாட்களில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த செவிலியருக்கும், மறைந்த அன்று யாரும் சொல்லாமலே மெஷின்களை நிறுத்திவிட்டு வந்து நின்ற யூனிட் தோழர்களுக்கும், புங்கன் இலையை முந்தானையில் கட்டி வந்து அக்காவின் காலடியில் வைத்த ஜார்க்கண்ட் பெண்ணுக்கும், எங்கள் துயரில் உடன் நின்ற உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். நினைவு நாளில் மரக்கன்று கொடுக்கலாமே என்று சிலர் அன்போடு சொன்னீர்கள். இந்த முறை கொடுக்கவில்லை. திதி முடிந்ததும் காட்டுக்கு வாருங்கள். செருப்போடு வாருங்கள்.

அக்காவுக்குச் சொல்ல வேண்டிய இந்த வாரத்துச் செய்தி:

தெற்குப் பக்கம். பதினோரு குழிகளில் ஒன்பதைச் சுற்றித் துளிர்கள் நிலைத்துவிட்டன. இரண்டில் எதுவும் வரவில்லை. கிழக்கிலிருந்து மூன்றாவது, ஏழாவது. பட்டி அடைத்த இடத்தில் விதையில் முளைத்தவை தனி. கணுக்கால் உயரம் இருக்கின்றன. வேரில் வந்தவற்றில் உயரமானது என் நெஞ்சளவு. பட்டை இன்னும் பச்சை, அடியில் மட்டும் வெள்ளை கட்டத் தொடங்கியிருக்கிறது. பன்னிரண்டாவது மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு ஏழு. அதன் நிழலில் முனியசாமி படுத்திருக்கிறார். ராமாத்தாள் ஆட்டை அதட்டுகிறார்.

வடக்குப் பக்கத்தை நாளை சொல்கிறேன்.